அலுவலகக் கணினிகளில் பயனர் அனுமதிகளால் ஏற்படும் மென்பொருள் சிக்கல்கள்

அலுவலகக் கணினியில் நிறுவப்பட்ட ஒரு மென்பொருள், ஒருவர் லாகின் செய்தால் ஒழுங்காக ஓடி, இன்னொருவர் லாகின் செய்தால் பிழை காட்டி நின்றுவிடுவது உண்டு. நேற்று வரை சேமிக்க முடிந்த கோப்பை இன்று சேமிக்க முடியாமல் போவதும், ஒரே கணினியில் இருவர் பார்க்கும் கணக்கு விவரங்கள் வெவ்வேறாக இருப்பதும், பிரிண்டர் திடீரென நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மென்பொருளின் பழுதே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மென்பொருள் செய்ய முயலும் வேலைக்கும், அதை இயக்கும் பயனருக்கு இயக்குதளம் வழங்கியிருக்கும் அனுமதிக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையும் காரணமாகலாம்.

இத்தகைய சிக்கலுக்கு அலுவலகங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம், "அவருக்கு அட்மின் உரிமை கொடுத்துவிடுங்கள்" என்பதாகும். உரிமை கொடுத்ததும் மென்பொருள் ஓடிவிடுவதால் சிக்கல் தீர்ந்ததாகவே தோன்றும். ஆனால் சிக்கல் அனுமதி சார்ந்தது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. எந்தக் கோப்பில், எந்தக் கோப்புறையில், எந்தப் பதிவில் அனுமதி மறுக்கப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. மறுக்கப்பட்ட அந்த ஓர் இடத்தைக் கண்டறிந்து, அதற்கு மட்டும் தேவையான அனுமதியை வழங்குவதே முறையான தீர்வு. அலுவலகங்களில் பரவலாகப் பயன்படும் விண்டோஸ் இயக்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு, இச்சிக்கல்கள் தோன்றும் விதமும் அவற்றைக் கண்டறிந்து தீர்க்கும் முறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

## அனுமதி செயல்படும் விதம்

விண்டோஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கு ஒன்று அல்லது பல குழுக்களில் உறுப்பாக இருக்கும். "அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்" என்னும் நிர்வாகிகள் குழுவும், "யூசர்ஸ்" என்னும் சாதாரணப் பயனர் குழுவும் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் இருப்பவை. கணக்குப் பிரிவு, மனிதவளப் பிரிவு என்று அலுவலகம் தன் தேவைக்கேற்பவும் குழுக்களை உருவாக்கிக்கொள்ளலாம்.

பயனர் லாகின் செய்யும் நேரத்தில், அவர் யார், எந்தெந்தக் குழுக்களைச் சேர்ந்தவர் என்ற விவரங்களைக் கொண்ட ஓர் அடையாளச் சீட்டை இயக்குதளம் தயாரிக்கிறது. இது டோக்கன் எனப்படுகிறது. அவர் திறக்கும் ஒவ்வொரு மென்பொருளும் இந்த டோக்கனின் நகலைப் பெற்றே இயங்குகிறது.

மறுபுறம், என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்பதை அது வரையறுக்கிறது. மென்பொருள் ஒரு கோப்பைத் திறக்க முயலும்போது, இயக்குதளம் டோக்கனையும் அனுமதிப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் திறக்க விடுகிறது. பொருந்தாவிட்டால் "ஆக்சஸ் டினைட்" என்ற மறுப்பை மென்பொருளிடம் திருப்பித் தருகிறது.

இந்த மறுப்பு மென்பொருளுக்குத்தான் போகிறது, பயனருக்கு அன்று. நன்கு எழுதப்பட்ட மென்பொருள் "இந்தக் கோப்பில் எழுத அனுமதி இல்லை" என்று தெளிவாகச் சொல்லும். மறுப்பை எதிர்பாராமல் எழுதப்பட்ட மென்பொருளோ, "தரவுத்தளம் பழுதடைந்துள்ளது" என்றோ, "உரிமம் செல்லாது" என்றோ, வெறும் ஓர் எண்ணையோ காட்டும். சில வேளைகளில் எதுவும் சொல்லாமல் மூடிக்கொள்ளும். அனுமதிச் சிக்கல்கள் மென்பொருள் பழுதாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

## வரலாற்றுப் பின்னணி

ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தம் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்துடன் இயங்க வேண்டும் என்னும் கோட்பாட்டை, ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இருவரும் 1975-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வரையறுத்தனர். இன்றும் கணினிப் பாதுகாப்பின் அடிப்படைகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது.

அலுவலக மேசைக் கணினிகளில் இது வழக்கத்துக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் கோப்புகளுக்குப் பயனர்வாரியான அனுமதியே கிடையாது. கணினியின் முன் அமர்ந்தவர் எதையும் மாற்றலாம். 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி அனுமதிப் பட்டியல் முறையைக் கொண்டிருந்தது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி அந்த அடித்தளத்தின் மீதே கட்டப்பட்டது. ஆயினும் எக்ஸ்பி நிறுவப்படும்போது உருவாக்கப்படும் கணக்குகள் நிர்வாகிக் கணக்குகளாகவே அமைந்ததால், பலரும் நிர்வாகியாகவே அன்றாட வேலைகளைச் செய்தனர். மென்பொருள் எழுதியவர்களும் தங்கள் நிரல் எங்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்ற எண்ணத்திலேயே எழுதினர்.

2006 நவம்பரில் நிறுவனங்களுக்கும் 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கும் வெளியிடப்பட்ட விண்டோஸ் விஸ்டா இந்த நிலையை மாற்றியது. யு.ஏ.சி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பயனர் கணக்குக் கட்டுப்பாடு அதில் அறிமுகமானது. இதன்படி, நிர்வாகி லாகின் செய்தாலும் அவருக்கு இரண்டு டோக்கன்கள் தயாராகின்றன. அன்றாட வேலைக்கு அதிகாரம் குறைக்கப்பட்ட டோக்கனே பயன்படுகிறது. முழு அதிகாரம் தேவைப்படும்போது திரையில் ஒப்புதல் கேட்கப்படுகிறது. சாதாரணப் பயனராக இருந்தால் நிர்வாகி ஒருவரின் கடவுச்சொல் கேட்கப்படுகிறது. பழைய வழக்கப்படி எழுதப்பட்ட மென்பொருள்கள் பல இந்த மாற்றத்தில் தடுக்கி விழுந்தன. அவற்றுள் சில இன்றும் அலுவலகங்களில் பயன்பாட்டில் உள்ளன.

## சிக்கல்கள் தோன்றும் இடங்கள்

### நிரல் கோப்புறையில் எழுதுதல்

மென்பொருள்கள் வழக்கமாக நிறுவப்படும் "புரோகிராம் ஃபைல்ஸ்" கோப்புறையில் சாதாரணப் பயனர் படிக்கலாம், நிரல்களை இயக்கலாம், எழுத முடியாது. பழைய கணக்கு மென்பொருள் ஒன்று தன் தரவுக் கோப்பையோ அமைப்புக் கோப்பையோ அதே கோப்புறையில் வைத்திருந்தால், சாதாரணப் பயனர் அதில் பதிவு செய்ய முயலும்போது மறுப்பு வரும்.

இத்தகைய பழைய மென்பொருள்கள் நின்றுவிடாதிருக்க விஸ்டா முதல் ஒரு மாற்று ஏற்பாடு உள்ளது. நவீன அனுமதிக் குறிப்பு இல்லாத 32-பிட் மென்பொருள் நிரல் கோப்புறையில் எழுத முயன்றால், இயக்குதளம் அந்த எழுத்தைப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் இருக்கும் "வெர்ச்சுவல்ஸ்டோர்" என்ற இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. மென்பொருளுக்கு இது தெரியாது. வேலை முடிந்ததாகவே அது நினைத்துக்கொள்ளும்.

பலர் பயன்படுத்தும் கணினியில் இந்த ஏற்பாடே புதிய குழப்பமாக மாறுகிறது. காலையில் ஒருவர் பதிவு செய்த ரசீதுகள் அவருடைய வெர்ச்சுவல்ஸ்டோரில் இருக்கும். மாலையில் அதே கணினியில் வேறொருவர் தம் கணக்கில் நுழைந்தால் அந்த ரசீதுகளைக் காண முடியாது. நிர்வாகியாக இயக்கினால் மூலக் கோப்பு திறக்கும். அதில் பழைய விவரங்கள் மட்டுமே இருக்கும். தரவு தொலைந்துவிட்டதாக எண்ணிப் பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்க முற்படுவதற்கு முன், ஒவ்வொரு பயனரின் வெர்ச்சுவல்ஸ்டோரையும் பார்ப்பது அவசியம். நிரல் கோப்புறை மட்டும் பேக்கப் எடுக்கப்படும் அலுவலகங்களில், இந்தத் தரவு பேக்கப்பில் சேராமலே போயிருக்கும்.

### பொதுத் தரவுக் கோப்புறை

எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான தரவை வைப்பதற்கென "புரோகிராம் டேட்டா" என்ற கோப்புறை உள்ளது. இதன் இயல்பான அனுமதி சற்று நுட்பமானது. சாதாரணப் பயனர் இதில் புதிய கோப்பை உருவாக்கலாம்; தாம் உருவாக்கியதை மாற்றலாம். பிறர் உருவாக்கிய கோப்பைப் படிக்க மட்டுமே முடியும். எனவே மென்பொருளை முதன்முதலில் திறந்தவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். அடுத்தவருக்கு மட்டும் சேமிப்பதில் பிழை வரும். "அவருக்கு ஓடுகிறது, எனக்கு ஓடவில்லை" என்ற புகாரின் பின்னணி பல வேளைகளில் இதுவாக இருக்கும்.

### ரெஜிஸ்ட்ரி

விண்டோஸின் அமைப்பு விவரங்கள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியிலும் இதே பிரிவினை உண்டு. கணினி முழுமைக்குமான பகுதியில் நிர்வாகி மட்டுமே எழுதலாம். ஒவ்வொரு பயனருக்கும் உரிய பகுதியில் அவரவர் எழுதலாம். மென்பொருளை நிறுவியவரின் பகுதியில் மட்டும் உரிம விவரம் எழுதப்பட்டிருந்தால், பிற பயனர்களிடம் அது மீண்டும் மீண்டும் உரிம எண்ணைக் கேட்கும். கணினிப் பகுதியில் எழுத முயன்று மறுக்கப்பட்டால், செய்த அமைப்பு மாற்றங்கள் அடுத்த முறை திறக்கும்போது மறைந்திருக்கும்.

### சர்வரில் உள்ள பகிர்வுக் கோப்புறைகள்

பகிர்வுக் கோப்புறைக்கு இரண்டு அடுக்கு அனுமதிகள் உண்டு: நெட்வொர்க் வழியாக வருவோருக்கான பகிர்வு அனுமதி ஒன்று, கோப்புக்குரிய அனுமதி மற்றொன்று. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். கோப்பில் எழுத அனுமதி தந்திருந்தும் பகிர்வில் "படிக்க மட்டும்" என்றிருந்தால் பயனரால் எழுத முடியாது.

"கோப்பை மாற்ற அனுமதி இருக்கிறது, ஆனாலும் சேமிக்க முடியவில்லை" என்ற புகாரும் இங்கு எழும். எக்செல் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது மூலக் கோப்பின் மீது நேரடியாக எழுதுவதில்லை. அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதி, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. ஆகவே அந்தக் கோப்புறையில் புதிய கோப்பை உருவாக்கவும் அழிக்கவும் அனுமதி தேவை. யாரும் கோப்பை அழித்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அழிக்கும் அனுமதியை மட்டும் நீக்கினால், சேமிக்கும் வேலையே நின்றுவிடும்.

ஆக்சஸ் தரவுத்தளமும் இதைப் போன்றதே. அதைத் திறக்கும்போது, யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் குறிக்கும் ஒரு பூட்டுக் கோப்பு அதே கோப்புறையில் உருவாக வேண்டும். கோப்புறையில் உருவாக்கும் அனுமதி இல்லாதவர் முதலில் திறந்தால் பூட்டுக் கோப்பு உருவாகாது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது தடைபடும்.

நகலெடுப்பதற்கும் நகர்த்துவதற்கும் உள்ள வேறுபாடும் கவனிக்கத்தக்கது. ஒரு கோப்பை இன்னொரு கோப்புறைக்கு நகலெடுத்தால், அது புதிய இடத்தின் அனுமதிகளைப் பெறும். அதே வட்டுப் பகுதிக்குள் நகர்த்தினால், பொதுவாகப் பழைய இடத்தின் அனுமதிகளையே அது சுமந்து வரும். ஒருவரின் தனிக் கோப்புறையிலிருந்து பொதுக் கோப்புறைக்கு நகர்த்தப்பட்ட ஒரு கோப்பை மட்டும் பிறரால் திறக்க முடியாமல் போவது இதனால்தான்.

### பிரிண்டர்கள்

பிரிண்டர் டிரைவர் என்பது இயக்குதளத்தின் உயர் அதிகாரப் பகுதியில் சேரும் நிரலாகும். 2021-இல் "பிரிண்ட்நைட்மேர்" எனப் பெயர் பெற்ற பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத் திருத்தத்தில், சர்வரிலிருந்து பிரிண்டர் டிரைவரை நிறுவவோ புதுப்பிக்கவோ நிர்வாகி அதிகாரம் தேவை என்று மைக்ரோசாஃப்ட் மாற்றியது. அதுவரை தாமே பிரிண்டரைச் சேர்த்துக்கொண்டிருந்த சாதாரணப் பயனர்களிடம் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படத் தொடங்கியது. பிரிண்டரிலோ கணினியிலோ பழுது ஏதும் இல்லை. மாறியது அனுமதி விதியே. டிரைவரை நிர்வாகி முன்கூட்டியே எல்லாக் கணினிகளிலும் நிறுவிவைப்பது இதற்குப் பாதுகாப்பான தீர்வு.

### தமிழ் எழுத்துருக்கள்

ஒருங்குறிக்கு முற்பட்ட பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அமைந்த ஆவணங்கள் இன்னும் பல அலுவலகங்களில் புழங்குகின்றன. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். முன்பு எழுத்துருவை நிறுவ நிர்வாகி அதிகாரம் தேவைப்பட்டது. 2018-இன் இறுதியில் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், சாதாரணப் பயனர் தமக்கு மட்டும் எழுத்துருவை நிறுவிக்கொள்ளலாம். அவ்வாறு நிறுவியது அதே கணினியில் மற்றவர் லாகின் செய்யும்போது கிடைக்காது. பொதுக் கணினியில் எழுத்துருவை "எல்லாப் பயனர்களுக்கும்" என்ற தேர்வின் வழியே நிர்வாகி நிறுவுவது இக்குழப்பத்தைத் தவிர்க்கும்.

## நிர்வாகியாக இயக்குவதால் எழும் புதிய சிக்கல்கள்

"ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்ற கட்டளை எல்லாத் தடைகளையும் நீக்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது சில தடைகளை நீக்கி, வேறு சிலவற்றை உருவாக்குகிறது.

முதலாவது, இணைக்கப்பட்ட நெட்வொர்க் டிரைவ்கள். சர்வர் கோப்புறையை ஓர் எழுத்தால் குறிக்கும் டிரைவ், அதை இணைத்த டோக்கனுக்கு மட்டுமே உரியது. அதே மென்பொருள் உயர் அதிகார டோக்கனில் திறக்கப்பட்டால் அந்த டிரைவ் அதற்குத் தெரியாது. "பாதை காணப்படவில்லை" என்ற பிழை வரும்.

இரண்டாவது, மென்பொருள்களுக்கிடையிலான உரையாடல். அதிகாரம் குறைந்த நிரல் அதிகாரம் மிகுந்த நிரலின் சாளரத்துக்குள் செய்திகளை அனுப்புவதை விண்டோஸ் தடுக்கிறது. இதனால் கோப்பை இழுத்துவந்து அதில் போட முடியாது. சாதாரணமாகத் திறந்திருக்கும் அவுட்லுக் வழியாக, நிர்வாகியாக இயங்கும் கணக்கு மென்பொருள் மின்னஞ்சல் அனுப்ப முயன்றால் இரண்டும் இணையாமல் போகக்கூடும். விசைகளை இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றும் தட்டச்சு மென்பொருள் சாதாரணமாக இயங்கும்போது, நிர்வாகியாக இயங்கும் சாளரத்தில் மட்டும் தமிழ் வராமல் ஆங்கிலமே வருவதும் இதனால்தான்.

மூன்றாவது, நிர்வாகியாக இயங்கும்போது உருவாகும் கோப்புகள். அவை பின்னர் சாதாரண நிலையில் மாற்ற முடியாதவையாக நின்றுவிடலாம். ஒருநாள் நிர்வாகியாக இயக்கிய மென்பொருளை அதன்பின் எப்போதும் நிர்வாகியாகவே இயக்க வேண்டிய நிலை இப்படித்தான் உருவாகிறது.

## காரணத்தைக் கண்டறியும் முறை

சிக்கலைக் கண்டறியும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது பயன்தரும். கீழ்க்காணும் வரிசை பெரும்பாலான சூழல்களுக்குப் பொருந்தும்.

1. பிழைச் செய்தியை உள்ளது உள்ளபடி குறித்துக்கொள்ளுதல். எந்தப் பயனர், எந்தக் கணினி, எந்தக் கட்டளையைச் செய்தபோது, எத்தனை மணிக்கு என்பவையும் வேண்டும்.

2. அண்மையில் என்ன மாறியது என்று கேட்டல். விண்டோஸ் திருத்தம், புதிய கணினி, பயனரின் பிரிவு மாற்றம், சர்வர் கோப்புறை இடமாற்றம் ஆகியவை முக்கியமானவை.

3. அதே பயனரை வேறொரு கணினியில் லாகின் செய்து பார்த்தல். அங்கு ஓடினால் சிக்கல் முதல் கணினியில் உள்ளது. அங்கும் ஓடாவிட்டால் பயனரின் குழு உறுப்புரிமையையோ சர்வர் அனுமதியையோ ஆராய வேண்டும்.

4. அதே கணினியில் வேறொரு சாதாரணப் பயனரை லாகின் செய்து பார்த்தல். அவருக்கும் ஓடாவிட்டால் அக்கணினியில் உள்ள கோப்பு அல்லது ரெஜிஸ்ட்ரி அனுமதியே காரணமாகலாம். அவருக்கு ஓடினால் முதல் பயனரின் சொந்த அமைப்புகளில் தேட வேண்டும்.

5. பயனரை அண்மையில் ஒரு குழுவில் சேர்த்திருந்தால், அவர் முழுமையாக வெளியேறி மீண்டும் லாகின் செய்தாரா என்று பார்த்தல். டோக்கன் லாகின் நேரத்தில்தான் தயாராகிறது. திரையைப் பூட்டித் திறப்பது போதாது.

6. நிர்வாகியாக இயக்கிப் பார்க்கும் சோதனையைக் கடைசியில், தரவின் நகலை எடுத்துவைத்த பின்பே செய்தல். ஓடினால் அனுமதிச் சிக்கல் என்று உறுதியாகும்.

நிர்வாகியாக இயக்கியும் ஓடாவிட்டால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கலாம்; ஆன்டிவைரஸ் தடுத்திருக்கலாம். 2017-இல் விண்டோஸ் 10-இல் சேர்க்கப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட கோப்புறை அணுகல் என்ற பாதுகாப்பு வசதி, நம்பகமானதாக அறியப்படாத நிரல்கள் ஆவணக் கோப்புறைகளில் எழுதுவதைத் தடுக்கும். பார்வைக்கு இது அனுமதிச் சிக்கல் போலவே இருக்கும். ஆனால் நிர்வாகி உரிமை கொடுத்தாலும் தீராது.

### மறுக்கப்பட்ட இடத்தைக் காணுதல்

சிக்கல் அனுமதி சார்ந்தது என்று உறுதியான பின், மறுப்பு எங்கே நிகழ்கிறது என்பதைக் காண "பிராசஸ் மானிட்டர்" என்ற இலவசக் கருவி உதவுகிறது. மார்க் ரஸினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்த இது, மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கிறது. கணினியில் ஒவ்வொரு நிரலும் எந்தக் கோப்பையும் எந்த ரெஜிஸ்ட்ரி பதிவையும் தொடுகிறது, விளைவு என்ன என்பதை அது நொடிக்கு நொடி பதிவு செய்கிறது.

கருவியை நிர்வாகி அதிகாரத்துடன் திறக்க வேண்டும். சிக்கலுள்ள மென்பொருளை அதே திரையில் சாதாரணப் பயனராகவே இயக்க வேண்டும். பிழை தோன்றியதும் பதிவை நிறுத்தி, அந்த மென்பொருளின் பெயரையும் "ஆக்சஸ் டினைட்" என்ற விளைவையும் வடிகட்டியாக இட்டால், ஆயிரக்கணக்கான வரிகள் சில வரிகளாகச் சுருங்கும்.

அந்த வரிகள் எல்லாமே குற்றவாளிகள் அல்ல. பல நிரல்கள் முதலில் முழு அனுமதியைக் கேட்டுப் பார்த்து, மறுக்கப்பட்டால் படிக்கும் அனுமதியை மட்டும் பெற்றுக்கொண்டு இயல்பாகத் தொடரும். பிழைச் செய்தி தோன்றுவதற்குச் சற்று முன்பு வந்த, அதன்பின் வெற்றிகரமாக மீண்டும் முயலப்படாத மறுப்பையே முதலில் ஆராய வேண்டும்.

இடம் தெரிந்ததும், அக்கோப்புறையின் பாதுகாப்புப் பக்கத்தில் "எஃபெக்டிவ் ஆக்சஸ்" என்ற பிரிவில் பயனரின் பெயரை இட்டால், அவருக்கு உண்மையில் கிடைக்கும் அனுமதிகள் பட்டியலாகத் தெரியும். பல குழுக்களில் இருப்பவருக்கு எங்கோ ஒரு குழுவின் வழியே தடை விதிக்கப்பட்டிருந்தால் அதுவும் இங்கு வெளிப்படும்.

## தீர்வுகள்

மறுக்கப்பட்ட இடம் தெரிந்தபின், கணினியின் பாதுகாப்பை மிகக் குறைவாகப் பாதிக்கும் தீர்விலிருந்து தொடங்குவது நல்லது.

- மென்பொருளின் புதிய பதிப்பு இருந்தால் அதை நிறுவுதல். சாதாரணப் பயனருக்கு ஏற்றவாறு அது திருத்தப்பட்டிருக்கலாம்.

- மென்பொருளின் அமைப்புகளில் தரவுக் கோப்புறையை மாற்றும் வசதி இருந்தால், தரவை நிரல் கோப்புறைக்கு வெளியே தனி இடத்துக்கு மாற்றுதல்.

- தேவையான ஒரு கோப்புறைக்கோ ரெஜிஸ்ட்ரி பதிவுக்கோ மட்டும் மாற்றும் அனுமதி வழங்குதல். அதைத் தனிநபருக்கு வழங்காமல், அந்த மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கென உருவாக்கிய குழுவுக்கு வழங்கினால், ஆள் மாறும்போது குழுவை மட்டும் திருத்தினால் போதும்.

- டிரைவர், திருத்தம் போன்றவற்றை நிர்வாகி ஒரே இடத்திலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் அனுப்புதல்.

- நிறுவும் வேலைகளுக்கென நிர்வாகிக்குத் தனிக் கணக்கு வைத்து, அன்றாட வேலைக்கு அவரும் சாதாரணக் கணக்கையே பயன்படுத்துதல்.

தவிர்க்க வேண்டியவையும் உள்ளன. நிரல் கோப்புறை முழுவதற்கும் "எவ்ரிஒன்" குழுவுக்கு முழு அனுமதி கொடுத்தால், அங்குள்ள நிரல் கோப்பையே யார் வேண்டுமானாலும் மாற்றிவைக்கலாம். அடுத்து நிர்வாகி அதை இயக்கும்போது மாற்றப்பட்ட நிரல் முழு அதிகாரத்துடன் ஓடும். மென்பொருளைச் சி டிரைவின் மேல்மட்டத்தில் ஒரு புதுக் கோப்புறையில் நிறுவிவிடும் வழக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. அங்கு உருவாகும் கோப்புறைகளில் லாகின் செய்த பயனர்கள் எழுதும் அனுமதி இயல்பாகவே அமைந்துவிடுகிறது. மென்பொருள் "ஓடுவது" அதனால்தான்.

செய்த மாற்றத்தைத் தேதியுடன் குறித்துவைப்பதும் தீர்வின் ஒரு பகுதி. மென்பொருளை மீண்டும் நிறுவும்போதோ புதிய கணினிக்கு மாறும்போதோ அனுமதிகள் பழைய நிலைக்குத் திரும்பலாம். குறிப்பு இருந்தால் அதே தேடலை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை.

## நிர்வாகி உரிமையின் விலை

ஒரு மென்பொருளுக்காகப் பயனரை நிர்வாகியாக்கினால், அந்த அதிகாரம் அந்த மென்பொருளுடன் நிற்பதில்லை. அவர் திறக்கும் மின்னஞ்சல் இணைப்பும், இணையத்திலிருந்து இறக்கும் நிரலும் அதே அதிகாரத்தை அடையும் வாய்ப்பு உருவாகிறது.

2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் தொடங்கிப் பல நாடுகளைத் தாக்கிய நாட்பெட்யா இதற்குத் தெளிவான சான்று. அங்கு வரிக்கணக்குத் தாக்கலுக்குப் பரவலாகப் பயன்பட்ட கணக்கு மென்பொருள் ஒன்றின் திருத்தத்துடன் சேர்ந்து அது கணினிகளுக்குள் நுழைந்தது. விண்டோஸின் பாதுகாப்புக் குறைபாடு ஒன்றையும் அது பயன்படுத்தியது. அத்துடன், தான் புகுந்த கணினியின் நினைவகத்தில் இருந்த லாகின் விவரங்களைத் திருடி, அக்கணக்குகளுக்கு நிர்வாகி அதிகாரம் இருந்த பிற கணினிகளுக்கெல்லாம் பரவியது. குறைபாடு திருத்தப்பட்ட கணினிகளும் இந்த இரண்டாவது வழியில் வீழ்ந்தன. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் உள்ளிட்ட பெரிய நிறுவனங்களின் பணிகள் நாட்கணக்கில் முடங்கின. தேவைக்கு மேல் வழங்கப்பட்ட அதிகாரம், ஒரு கணினியின் பாதிப்பை நிறுவனம் முழுவதன் பாதிப்பாக மாற்றியது.

## லினக்ஸ் கணினிகளில்

லினக்ஸிலும் இதே அடிப்படையே செயல்படுகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, பிறர் என மூன்று நிலைகளில் படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய அனுமதிகள் உண்டு. இயங்காத நிரலைச் "சூடோ" கட்டளையுடன் இயக்கினால், அது பயனரின் கோப்புறையிலேயே ரூட் கணக்குக்கு உரிய கோப்புகளை உருவாக்கிவிடலாம். அடுத்த முறை சாதாரணமாக இயக்கும்போது, தன் அமைப்புக் கோப்பையே நிரலால் எழுத முடியாமல் போகும். கோப்பின் உரிமையைப் பயனருக்கே திருப்பித் தருவதே இதற்குத் தீர்வு. மீண்டும் சூடோ பயன்படுத்துவது அன்று.

## பயனர் செய்யக்கூடியவை

அனுமதியை மாற்றும் அதிகாரம் பயனரிடம் இல்லாவிட்டாலும், தீர்வை விரைவுபடுத்தும் தகவல்கள் அவரிடமே உள்ளன. "மென்பொருள் ஓடவில்லை" என்பதைவிட, "நேற்று வரை ஓடியது, இன்று காலை திருத்தத்துக்குப் பின் சேமிக்கும்போது மட்டும் இந்தப் பிழை வருகிறது, பக்கத்துக் கணினியில் என் லாகினில் சரியாக ஓடுகிறது" என்ற புகார் தேடலின் பாதியைக் குறைத்துவிடும். பக்கத்தில் இருப்பவரின் கடவுச்சொல்லை வாங்கி வேலையை முடிப்பது அன்றைய தேவையைத் தீர்க்கலாம். ஆனால் பதிவுகள் வேறொருவர் பெயரில் சேர்கின்றன. யார் எதைச் செய்தார் என்ற கணக்கு அழிகிறது. சிக்கலும் அப்படியே இருக்கிறது. தமக்கு எந்தக் கோப்புறையில் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதைக் குறிப்பிட்டு, அதற்குரிய அனுமதியை மட்டும் கேட்பது பயனருக்கும் நிர்வாகிக்கும் எளிய வழியாகும்.